டியூட்டிக்குப் போன வீடு

எர்மோசீயோ பஸ் நிலையத்தில் ஒலிபெருக்கிக்குப் பின்னால் உட்கார்ந்து, தொண்டை கிழியக் கத்தி ஓய்வு பெற்றவள் நான். பெயர் டெல்ஃபினா. எந்த டிரைவர் எப்படிப்பட்டவர் என்று என்னைக் கேட்டால் சொல்வேன். அவர்களுடைய மனைவிமாருக்குக்கூட அவ்வளவு தெரியாது. நேரத்துக்கு வருகிறவர், வராதவர், என் கண்ணாடிக் கூண்டைத் தட்டி "அக்கா, ஒரு காபி குடிச்சிக்கிறேன், அப்புறமா அறிவிங்க" என்று கெஞ்சுகிறவர் என்று எல்லாரையும் பார்த்தாயிற்று. அத்தனை பேரிலும் ஒரே ஒருவரைப் பற்றித்தான் பெருமையாகப் பேச எனக்கு வாய் வரும். அவர் கூக்கோ என்சினாஸ், பயணிகள் மரியாதையாகக் கூப்பிடுவது டோன் கூக்கோ. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ரெஃபூஹியோ. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று போய்க்கொண்டே இருப்பார்.

அவருடைய மகளுக்கு ஞானத்தாய் நான். அந்த முறையில் அவர் எனக்குக் கொம்பாத்ரே, அவர் மனைவி அர்மீதா எனக்குக் கொமாத்ரே. எங்கள் பக்கத்தில் இந்த உறவு கூடப் பிறந்ததைவிடக் கெட்டி. எத்தனை சண்டை போட்டாலும் அறுத்துக்கொண்டு போக முடியாது. நானும் முயன்று பார்த்திருக்கிறேன்.

கூக்கோ ஓட்டியது கீனோ வண்டி. எர்மோசீயோவில் எடுத்தால் திராட்சைத் தோட்டம், பாலைவனம், கடைசியில் கடல். மீன்காரிகள், ஐஸ் பெட்டிகள், தோட்டக் கூலியாட்கள், ஈஸ்டர் வாரத்தில் மொத்த நகரம் என்று எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போவார். கடைசி நிறுத்தத்தில் வண்டியைத் திருப்பிப் போட்டு, ஒரு காபி, ஒரு சிகரெட், உடனே புறப்பாடு. முப்பது வருஷம் கடலை எதிரே வைத்துக்கொண்டு பிழைத்த மனிதர் அதில் ஒருநாள்கூடக் கால் நனைத்ததில்லை.

அர்மீதாவுக்கு அதைப் பார்க்கும் பாக்கியம்கூட இல்லை. "ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போறேன்" என்பார் கூக்கோ. ஞாயிற்றுக்கிழமைதான் வண்டியில் மூச்சுவிட இடம் இருக்காது. டிரைவர் மனைவி உட்கார்ந்தால் ஒரு பயணி நின்றுகொண்டு வர வேண்டுமே என்று அவருக்கு மனசு கேட்காது. அவளும் சமைத்த சோற்றை ஈ மொய்க்காமல் மூடி வைத்துவிட்டுக் காத்திருப்பாள்.

"எனக்கு வாக்கப்பட்டாருன்னு பேரு, கொமாத்ரே. உண்மையில அவரு வாக்கப்பட்டது பயணிகளுக்குத்தான்" என்று என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது.

கூக்கோ ஓய்வு பெற்ற வருஷமே அவர் வண்டிக்கும் ஓய்வு கொடுத்தார்கள். பழைய இரும்புக்குப் போக இருந்ததை அவரே வாங்கி, என் வீட்டு முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். என் வீட்டுக்காரர் தாச்சோ மெக்கானிக். இன்ஜினைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுக்கு ஒரு கழுதைய வாங்கியிருக்கலாம் கொம்பாத்ரே. உதைச்சாலாவது நகரும்" என்றார். பிறகு இரண்டு பேருமாக ஒரு வருஷம் அதோடு மல்லுக்கட்டி அதை ஒரு கேரவனாக்கினார்கள். சீட்டுகளைப் பிடுங்கிவிட்டுப் பின்னால் ஒரு கட்டில், நடுவில் அடுப்பு, ஓரத்தில் கக்கூஸ், முன்பக்கம் இன்னொரு கட்டில். அர்மீதா மஞ்சள் திரை தைத்தாள்.

டிரைவர் சீட்டையும் கதவு இழுக்கும் கம்பியையும் மட்டும் கூக்கோ தொடவிடவில்லை. வெளியே அதே வெள்ளை நிறம், அதே பச்சைக் கோடு. நெற்றியில் 'கீனோ' என்று எழுதிய பலகை.

"அதையாவது கழட்டுங்க கொம்பாத்ரே" என்றேன்.

"ஏன்? போற ஊரு கீனோதானே? பொய்யா எழுதியிருக்கு?"

இப்படிப்பட்டவரோடு என்ன பேசுவது?

நாங்கள் நாலு பேருமாகக் கிளம்புவதற்கு முன் அர்மீதா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். எட்டு நாள் கடற்கரையில் தங்க வேண்டும். எட்டு நாளும் இன்ஜினைக் கிளப்பக் கூடாது. யார் கேட்டாலும், எதற்குக் கேட்டாலும் கூடாது. கூக்கோ தலையை ஆட்டினார். கீனோவில் போய் இறங்கியதும் அவள் சாவியைப் பிடுங்கி, மாதா பதக்கம் தொங்கும் சங்கிலியிலேயே கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

அது நவம்பர் கடைசி. அரிசோனாக்காரர்கள் வான்கோழி விருந்துக்காக வந்து குவியும் வாரம். கடற்கரை முகாமில் ஒவ்வொன்றும் கல்யாண மண்டபம் மாதிரி கேரவன்கள். எங்கள் பஸ்ஸைப் பார்த்ததும் முகாம் மேலாளர் எஃப்ரைன் முகத்தைச் சுளித்தான். உள்ளே விட்டால் அழகு கெட்டுவிடும் என்று, சாலையை ஒட்டி வாசலுக்குப் பக்கத்தில் முதல் இடத்தைக் கொடுத்தான். கூக்கோவுக்கு அதில் வருத்தமே இல்லை. நிலையத்தில் நிறுத்துகிற பழக்கத்தில் முகப்பைச் சாலைப் பக்கம் வைத்து, ஒரே மூச்சில் பின்னால் ஏற்றி நிறுத்தினார். பக்கத்து இடத்துக் கனடாக்காரர் வேய்ன் கை தட்டினார்.

மறுநாள் காலை என் காதருகே யாரோ பேசும் சத்தம் கேட்டுக் கண் விழித்தேன். நாங்கள் படுத்திருந்த முன்கட்டிலில், தாச்சோவின் கால்மாட்டில், மடியில் மீன் வாளியோடு ஒரு பருத்த அம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

"காலக் கொஞ்சம் மடக்கிக்கப்பா" என்றாள் தாச்சோவிடம். "டோன் கூக்கோ, எப்ப எடுப்பீங்க?"

கூக்கோ விடியற்காலையிலேயே எழுந்து டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்திருக்கிறார். சாலையில் ஒரு கை உயர்ந்திருக்கிறது. அவர் கை தானாகக் கம்பியை இழுத்துவிட்டது.

"இது வீடும்மா" என்றார், பாவம், ரகசியம் சொல்கிறவர் போல.

அவள் திரும்பி அடுப்பைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், அரைக்கால் டவுசரோடு கிடந்த என் புருஷனைப் பார்த்தாள். "நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க. சரி, எப்ப எடுப்பீங்க?"

அன்று மட்டும் ஏழெட்டுப் பேர் ஏறினார்கள். அர்மீதா பலகையைக் கழற்றி மெத்தைக்கு அடியில் போட்டாள். எதற்குப் பலகை? மீனவர்கள் குடியிருக்கும் பழைய கீனோவில் அந்த வண்டியையும் அந்த ஆளையும் தெரியாதவர் யார்? மறுநாளும் வந்தார்கள். 'முகாமா, பஸ் நிறுத்தமா?' என்று எஃப்ரைன் வந்து கத்திவிட்டுப் போனான்.

நாலாம் நாள் காலை அர்மீதாவும் நானும் கடலில் இறங்கினோம். அவளுக்கு நீந்தத் தெரியாது. பூப்போட்ட கவுனோடு இடுப்பளவு தண்ணீரில் நின்று, அலை வரும்போதெல்லாம் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் இன்னும் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. சந்தோஷமாக இருக்கிறாள் என்று நினைத்தேன்.

"அங்க பாருங்க கொமாத்ரே" என்றாள். "நாலு நாளாச்சு. கடலுக்கு முதுகக் காட்டிக்கிட்டு ரோட்டப் பாத்து உக்காந்திருக்காரு. என்கூட ஒருதடவ வந்து இந்தத் தண்ணியில நின்னாருன்னா போதும் எனக்கு. வேற என்ன கேட்டேன்?"

நான் பதில் சொல்வதற்குள் கரையில் ஒரே கூச்சல். பழைய கீனோவில் சிப்பி உடைக்கும் பெண்கள், பத்துப் பதினைந்து பேர், சிவப்புச் சட்டையும் மட்டைகளுமாக ஓடி வந்து எங்கள் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தார்கள். 'நண்டுகள்' என்பது அவர்களுடைய சாஃப்ட்பால் அணி. அன்று மதியம் எர்மோசீயோவில் இறுதி ஆட்டம். வாடகைக்குப் பேசிய வண்டி அச்சு முறிந்து கிடக்கிறது. வழக்கமான பஸ்ஸோ அப்போதுதான் போயிருந்தது. நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் ஆடாமலே தோற்றதாக எழுதிவிடுவார்கள். இதையெல்லாம் பிறகு தாச்சோ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கரையிலிருந்து எங்களுக்குக் கேட்டதெல்லாம் பந்து வீசும் சாயோவின் குரல் மட்டும்தான். பனைமரத்தில் பாதி உயரம் இருப்பாள்.

"டோன் கூக்கோ! எடுங்க வண்டிய!"

"முடியாது தாயி" என்றாராம் கூக்கோ. "நான் வாக்கு குடுத்திருக்கேன். சாவியும் என்கிட்ட இல்ல."

"யார்கிட்ட இருக்கு?"

தாச்சோதான், அந்த ஓட்டைவாய், கடலைக் கை காட்டிவிட்டார்.

பெண்கள் திமுதிமுவென்று கரைக்கு வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் கூக்கோ, தேய்த்த கால்சட்டையும் பளபளக்கும் ஷூவுமாக. ஓய்வு பெற்ற பிறகும் சீருடை மாதிரிதான் உடுத்துவார். ஈரமணல் தொடங்கும் இடத்தில் நின்றுவிட்டார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. 'கொடு' என்று கேட்டிருந்தால் அர்மீதா கோபப்பட்டிருப்பாள். கேட்காமல் நின்றதுதான் அவளை என்னவோ செய்தது.

"என்ன கிழவா, போகணுமா?" என்று கத்தினாள்.

"நீ சொன்னா போறேன். வேணாம்னா இதுங்களுக்கு நானே சமாதானம் சொல்லிக்கிறேன்."

"சாவி வேணுமா, வேணாமா?"

"வேணும்."

அர்மீதா சங்கிலியைக் கையில் தூக்கிக் காட்டினாள். "வேணும்னா இங்க வந்து எடுத்துக்க."

ஷூவைக் கழற்றுவார் என்று நினைத்தேன். கழற்றவில்லை. தேய்த்த கால்சட்டையோடு அப்படியே தண்ணீருக்குள் நடந்தார். முழங்கால், தொடை, இடுப்பு. பாதி வழியில் ஓர் அலை முகத்தில் அறைந்தது. கரையில் நண்டுகள் மட்டைகளைத் தட்டிக்கொண்டு ஆர்ப்பரித்தார்கள். அர்மீதா கழுத்தைக் குனிந்து கொடுத்தாள். அவர் சாவியைக் கோர்வையிலிருந்து எடுக்கத் தெரியாமல் தடவிக்கொண்டே இருந்தார்.

"எத்தன நேரம் கிழவா? ஜனம் காத்திருக்கு."

"இரு. தண்ணி நல்லாத்தான் இருக்கு" என்றார் கூக்கோ.

கடைசியில் சாவியை எடுத்துக்கொண்டு அப்படியே போய்விட்டார். ஈரம் சொட்டச் சொட்ட வண்டியை எடுத்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது: வீடே போய்விட்டது. அடுப்பில் வெந்துகொண்டிருந்த பீன்ஸ் பானை, என் மூக்குக்கண்ணாடி, நாங்கள் மாற்றிக்கொள்ள வேண்டிய உடுப்பு, எல்லாமே எர்மோசீயோவுக்குப் பயணமாகிவிட்டன. 'இந்த இன்ஜினை நம்ப முடியாது' என்று சொல்லித் தாச்சோவும் தொற்றிக்கொண்டார். எங்கள் இடத்தில் மிச்சம் இருந்தவை ஒரு தண்ணீர்க் குழாயும் நாலு பிளாஸ்டிக் நாற்காலியும்தான். வேய்னின் மனைவி இரக்கப்பட்டு ஆளுக்கொரு அங்கி கொடுத்தாள். அர்மீதாவின் அங்கி முழுக்கக் கிளிகள்.

நாலு மணிக்குமேல் அரிசோனாவிலிருந்து ஒரு பெரிய கேரவன் வாசலில் வந்து நின்றது. எஃப்ரைன் அதற்கு எங்கள் இடத்தைக் காட்டினான்.

"வண்டி போனா இடமும் போச்சு. வாசல்ல எழுதிப் போட்டிருக்கு சென்யோரா. பொழுது சாயுறதுக்குள்ள இந்த இடத்துல வண்டி இல்லன்னா இது காலி இடம்."

அர்மீதா நாற்காலியை எடுத்து இடத்துக்கு நட்டநடுவில் போட்டு, கிளி அங்கியை இழுத்து மூடி உட்கார்ந்தாள்.

"காலியா? நான் உக்காந்திருக்கேனே, கண்ணு தெரியலையா?"

"உங்க வீடு எங்க?"

"டியூட்டிக்குப் போயிருக்கு."

சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். முப்பது வருஷமாக அந்த வார்த்தையைச் சபிப்பது போலத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்று வேறு மாதிரி வந்தது.

"எப்ப வரும்?" என்றான் எஃப்ரைன்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் எழுந்து நின்று, இரண்டு கையையும் வாயருகே குவித்து, முகாம் முழுக்கக் கேட்கும்படி அறிவித்தேன்: "பயணிகளின் அன்பான கவனத்திற்கு! எர்மோசீயோவிலிருந்து கீனோ வரும் வண்டி, இன்னும் சற்று நேரத்தில்!"

கேரவன்களிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. எஃப்ரைன் தலையிலடித்துக்கொண்டு போனான். ஆனால் உள்ளுக்குள் எனக்குப் பயம்தான். கூக்கோவின் வண்டி தாமதமே ஆனதில்லை என்று நான் காதில் பூ சுற்ற மாட்டேன். எத்தனையோ முறை 'தாமதமாக வரும்' என்று அறிவித்தவளே நான்தான். டயர் வெடித்திருக்கிறது, மழையில் சாலை அறுந்திருக்கிறது. வராமல் மட்டும் இருந்ததில்லை. ஆனால் இன்றைக்குத் தாமதமே போதும், இடம் போய், அர்மீதாவின் எட்டு நாளில் மிச்சம் இருப்பதும் போய்விடும்.

கடலில் எதிரே தெரியும் தீவுக்குப் பின்னால் சூரியன் இறங்கத் தொடங்கியது. அரிசோனாக்காரர் பொறுமையிழந்து கேரவனைப் பின்னால் எடுக்க ஆரம்பித்தார். அதன் பின்புறம் அர்மீதாவை நோக்கி மெல்ல மெல்ல வந்தது. அவள் அசையவில்லை.

"எந்திரிங்க கொமாத்ரே. நசுக்கிடப் போறான்."

"நசுக்கட்டும். எந்திரிச்சேன்னா அவரு வந்து எங்க நிறுத்துவாரு?"

அப்போது சாலையில் ஹாரன் கேட்டது. அந்த ஹாரனை நான் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. கேரவன் நின்றது. வெள்ளையும் பச்சையுமாக எங்கள் வீடு வாசலுக்குள் திரும்பியது. எஃப்ரைன் தானாகவே போய் அரிசோனாக்காரரிடம் ஏதோ சொல்லி வேறு பக்கம் அனுப்பினான். இறுக்கமாக இருந்த இடுக்கில் கூக்கோ ஒரே மூச்சில் பின்னால் ஏற்றி நிறுத்தினார். அர்மீதா கடைசி நொடியில்தான் நாற்காலியை நகர்த்தினாள்.

முதலில் இறங்கி ஓடி வந்தவர் தாச்சோ. "கேட்டியா கதைய! போற வழியில, பன்னெண்டாம் தெரு நிறுத்தத்துல ஒருத்தன் கையக் காட்டினான். இந்த மனுசன் நிறுத்தி ஏத்திட்டாரு! கையில ரெண்டு கோழி. எர்மோசீயோ வரைக்கும் உன் தலகாணியில உக்காந்துட்டு வந்தான். ஒரு பொண்ணு கக்கூஸ் கதவத் தொறந்து போட்டு அதுலயே உக்காந்துட்டு வந்தா. பீன்ஸ் பானையக் கழுவவே வேணாம், அவ்வளவு சுத்தம்."

"ஜெயிச்சாங்களா?"

"எங்க? ஒரே ஒரு ரன்னுல போச்சு."

பிறகு நண்டுகள் இறங்கினார்கள். காலையில் ஏறிய கூச்சல் இல்லை. புழுதியும் வியர்வையுமாக, அழுது வீங்கிய முகங்களாக, ஒவ்வொருத்தியாக வந்தார்கள். அர்மீதா படிக்கட்டின் கீழே ஓரமாக நின்றிருந்தாள். முதலில் வந்தவள் டிரைவர் சீட்டைத் திரும்பிப் பார்த்து, "கிராசியாஸ், டோன் கூக்கோ" என்றாள். "நல்லபடியா போயிட்டு வா" என்றார் அவர். அடுத்தவள் இறங்கினாள். "கிராசியாஸ், டோன் கூக்கோ." "நல்லபடியா போயிட்டு வா." அதற்கடுத்தவள். பெரிய உருவம் சாயோ அழுதுகொண்டே சொன்னாள். ஒருத்திகூடச் சொல்லாமல் இறங்கவில்லை. ஒருத்திக்குக்கூட அவர் பதில் சொல்லாமல் விடவில்லை.

எங்கள் ஊரில் பஸ்ஸைவிட்டு இறங்குகிறவர்கள் டிரைவருக்கு நன்றி சொல்வது வழக்கம்தான். எனக்கு அது ஒலிபெருக்கி இரைச்சல் போல, காதில் விழுந்தும் விழாத விஷயம். அர்மீதாவுக்கு அப்படி இல்லை என்பது அவள் நின்ற நிலையைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. பயணம் முடிந்து அவர் வண்டியிலிருந்து ஜனங்கள் இறங்குவதை அவள் அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறாள்.

"தினமும் இப்படித்தான் சொல்லுவாங்களா?" என்று என்னைக் கேட்டாள்.

"தினமும்தான் கொமாத்ரே. ஒவ்வொரு நிறுத்தத்துலயும்."

"என்கிட்ட ஒருநாள்கூட சொன்னதில்லையே இந்த மனுசன்."

"அவரு எதுக்குச் சொல்வாரு? பெருமையடிச்சிக்கிற ஆளா அவரு?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெண்கள் எல்லாரும் போன பிறகு கூக்கோ இன்ஜினை அணைத்தார். உப்புப் படிந்து விறைத்துப்போன கால்சட்டையோடு எழுந்து படியருகே வந்து, அவள் கேட்காமலே சாவியை நீட்டினார்.

"வச்சுக்க. இன்னும் நாள் இருக்குல்ல? நாளைக்கு நானும் வர்றேன், தண்ணிக்கு."

அர்மீதா சாவியை வாங்கவில்லை. கிளி அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வண்டிக்குள் ஏறினாள். உள்ளே இரண்டடி நடந்து திரும்பி, ஒரு பயணியைப் போலவே படி இறங்கினாள். கடைசிப் படியில் நின்று அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"கிராசியாஸ், டோன் கூக்கோ."

விளையாட்டாகத்தான் தொடங்கினாள். 'கூக்கோ' என்று முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது.

கூக்கோ வாயைத் திறந்தார். அத்தனை வருஷமாக அத்தனை ஆயிரம் பேருக்குச் சொன்ன பதில் அன்று வரவில்லை. பிறகு படியிலேயே உட்கார்ந்து, என்னையும் தாச்சோவையும் வேய்னையும் வைத்துக்கொண்டே, கைகளால் முகத்தை மூடி அழுதார்.